புன்டா கானாவில் ஐந்து பெண்கள், ஐந்து நாட்கள்



போன வாரம் நான் போட்ட கடற்கரைப் படத்துக்கு வந்த கேள்விகளை எண்ணி முடியவில்லை. "டீச்சர், மாலத்தீவா?" என்று பாதிப் பேர். "டீச்சர், கையில இருக்கிற கிளாஸ்ல என்ன?" என்று 94ஆம் வருடத்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் (பையனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது). குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் மட்டும், "ஆம்பளத் துணை இல்லாம, இந்த வயசுல, அவ்வளவு தூரம் எதுக்கும்மா?" என்று கேட்டிருந்தார். தனித்தனியாகப் பதில் அடிக்க என் கட்டைவிரலுக்குத் தெம்பு இல்லை. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கிக்கொள்ளலாம்.

முதலில் வரைபடம். அது இல்லாமல் நான் எப்போது பாடம் தொடங்கியிருக்கிறேன்? வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே வில் மாதிரி வளைந்து கிடக்கும் தீவுக் கூட்டத்தைப் பாருங்கள். கியூபாவுக்குக் கிழக்கே ஹிஸ்பானியோலா என்று ஒரு பெரிய தீவு. அந்த ஒரே தீவில் இரண்டு நாடுகள். மேற்கே ஹைட்டி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. அதன் கிழக்கு முனையில் இருப்பதுதான் புன்டா கானா. நியூ ஜெர்சியிலிருந்து விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். அமெரிக்க விசா கையில் இருந்ததால் தனி விசா தேவைப்படவில்லை. விமான நிலையத்துக் கூரையே ஓலை வேய்ந்ததுதான். அதைப் பார்த்ததும் மதினி, "நம்ம ஊரு கல்யாணப் பந்தல் மாதிரில்ல இருக்கு" என்றாள்.

போனது ஐந்து பேர். நான், என் பெரியக்கா, காலமான என் அண்ணனின் மனைவியான மதினி, என் மகள், மதினியின் மகள். அக்காவுக்கு 72 வயது. மருமகள் வேலைக்குப் போவதால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 14 வருடங்களுக்கு முன்னால் மகன் வீட்டுக்கு வந்தவள், அங்கேயே இருந்துவிட்டாள். நானும் மதினியும் இந்த வருடம் பிள்ளைகளைப் பார்க்க வந்தோம். நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தாற்போல இரண்டு ராத்திரிக்கு மேல் தூங்கி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. கல்யாண வீடு என்றாலும் துக்க வீடு என்றாலும் மறுநாளே அவரவர் வீட்டு அடுப்பு கூப்பிடும். இதை ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லப்போய், மகள்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி டிக்கெட் போட்டுவிட்டார்கள். என் விமானக் கட்டணத்தை மட்டும் பென்ஷன் பணத்திலிருந்து நானே கொடுத்தேன். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆல் இன்க்ளூசிவ்" என்றால் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே தொகையை முன்னாலேயே கட்டிவிட்டால் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடிக்கிற பானம், கடல், ஆட்டம் பாட்டம் எல்லாம் அதில் அடக்கம். உள்ளே நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு பர்ஸைத் திறக்கும் வேலை இல்லை. இந்த ஏற்பாடு 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் தொடங்கியது. ஜெரார் ப்ளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் கிளப் மெட் என்ற பெயரில் கூடாரங்கள் அடித்து ஆரம்பித்தார். பிற்பாடு அங்கே பணத்துக்குப் பதிலாகப் பாசிமணிகளைக் கொடுத்தார்களாம். விருந்தாளிகள் கழுத்தில் மாட்டியிருக்கும் மணியைக் கழற்றிக் கொடுத்து பானம் வாங்கிக்கொள்ள வேண்டும். கரீபியனில் ஜமைக்கா இதில் முன்னால் நின்றது. 1981இல் அங்கே தொடங்கிய சாண்டல்ஸ் விடுதிகள் இன்றும் ஜோடிகளுக்கு மட்டும்தான். மகள்கள் தேடும்போது அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்க உங்க மூணு பேரையும் சேர்க்கமாட்டாங்க" என்று சிரித்தார்கள். வந்திருந்த மூன்று பெரியவர்களில் இரண்டு பேர் கணவரை இழந்தவர்கள்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த விடுதியில் எங்களைப் போலப் பெண்களாகவே வந்த கூட்டங்கள் நிறைய. ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு ஒருத்தியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வந்த எட்டுப் பேர். பள்ளிக்கூடத்துத் தோழிகளாம், வருடம் தவறாமல் எங்காவது போவார்களாம். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, மூன்றாம் வகுப்பு. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பள்ளிக்கூடக் கதை பேசினோம். என் ஆங்கிலம் அவருக்குப் பாதி புரிந்தது, அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதி. விடைத்தாள் திருத்துவதைப் பற்றிப் பேசும்போது மட்டும் இருவருக்கும் முழுவதும் புரிந்தது.

கிளாஸில் இருந்தது அன்னாசிச் சாறும் தேங்காய்ப் பாலும் கலந்த பீன்யா கொலாடா. பக்கத்துத் தீவான போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பானம். ரம் ஊற்றாமல் வாங்கிக் குடித்தேன். நம்பினால் நம்புங்கள்.

மதினியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 14 பேர் இருந்த கூட்டுக் குடும்பத்துக்கு வடித்துக் கொட்டியவள். முதல் நாள் காலையில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய வலைத்தூளியில் ஏறிப் படுத்தாள். மதியம்வரை இறங்கவே இல்லை. உடம்புக்கு என்னவோ என்று அவள் மகள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மதினி கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: "அடுத்த வேளைக்கு என்ன வைக்கன்னு நாப்பத்தஞ்சு வருசமா யோசிச்ச தலைடி. இப்பத்தான் காலியா இருக்கு. பேச்சுக் குடுக்காத." அந்த வலைத்தூளிக்கு ஆங்கிலத்தில் ஹேமக் என்று பெயர். கொலம்பஸ் வருவதற்கு முன்னால் இந்தத் தீவில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல் அது. மக்கள் அநேகமாக அழிந்துபோனார்கள், சொல் மட்டும் தூளியில் ஆடிக்கொண்டிருக்கிறது.

சாப்பாடு. அக்கா, அத்தான் போன பிறகு கறி மீன் தொடுவதில்லை. பட்டினி கிடப்பாளோ என்று பயந்து பருப்புப்பொடியும் ஊறுகாயும் பெட்டியில் வைத்திருந்தோம். காலையில் பார்த்தால் மங்கு என்று ஒன்று வைத்திருந்தார்கள். வாழைக்காயை வேகவைத்து மசித்து, மேலே புளிக்காடியில் ஊறிய சிவப்பு வெங்காயம். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது வாழைக்கா மசியல்டி, தாளிக்க மறந்துட்டான்" என்றாள். மதியம் சோறும் சிவப்புக் காராமணி மாதிரியான பீன்ஸ் குழம்பும். சட்டியின் அடியில் பிடிக்கிற காந்தலுக்கு அங்கே கொன்கோன் என்று தனிப் பெயரே உண்டு, அதைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். சின்ன வயதில் அந்தக் காந்தலுக்கு நானும் அக்காவும் போட்ட சண்டை எங்கள் தெருவுக்கே தெரியும்.

இங்கே ஒரு பாடம், இரண்டே நிமிடம். நாம் இல்லாமல் இருக்கமுடியாத மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸின் ஆட்கள் 1492இல் பயணம் வந்தபோது இந்தத் தீவுகளில்தான் அதைக் கண்டார்கள். பிறகு போர்ச்சுகீசியர் வழியாக நம் ஊருக்கு வந்தது. அங்கே நான் பார்த்த தென்னையோ நம் இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து ஐரோப்பியர் கப்பலில் போனது. கரும்பும் வாழையும்கூட அவர்கள் கொண்டுபோய் நட்டதுதான். அவ்வளவு மிளகாயை நமக்குத் தந்துவிட்டு, விடுதிச் சாப்பாட்டில் காரமே போடாமல் இருக்கிறார்களே என்பதுதான் என் ஒரே குறை.

கடலைப் படத்தில் பார்த்தீர்கள். கொஞ்ச தூரத்தில் பவளப் பாறை அரண் மாதிரி நிற்பதால் அலை அடங்கித்தான் கரைக்கு வருகிறது. படத்தில் வராத ஒன்று உண்டு. விடிவதற்கு முன்பே ஆட்கள் வாரியலோடு வந்து, இரவில் ஒதுங்கிய சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியை வாரித் தள்ளுகிறார்கள். 2011இலிருந்து இந்தப் பாசி கரீபியன் கரைகளில் கணக்கில்லாமல் வந்து ஒதுங்குகிறது. நாற்றம் தாங்காது. விருந்தாளிகள் எழும்போது கரை வெள்ளைவெளேர் என்று இருக்கும். அக்கா நாலரை மணிக்கே எழுந்துவிடுகிறவள் என்பதால் வாருகிறவர்களை எங்களுக்குத் தெரியும்.

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. அறை சுத்தம் செய்ய வரும் பெண்ணுக்கு முன்னால் தானே படுக்கையை விரித்து, குளியலறையைத் துடைத்து வைத்துவிடுவாள். முதல் நாள் அந்தப் பெண் திகைத்துப்போனாள். இரண்டாம் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து உதறினார்கள். பள்ளியில் படித்த அரைகுறை ஸ்பானிஷை வைத்து என் மகள் விசாரித்துச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள். தூரத்து ஊரில் அவள் அம்மாவிடம் வளர்கிறார்கள். அக்கா வேறெதுவும் கேட்கவில்லை. "அவ அம்மாவுக்கு எத்தனை வயசாம்?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தப் பெண்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க மகள் 200 பேசோ நோட்டுகளாக மாற்றி வைத்திருந்தாள். ஒரு நோட்டு மூன்று டாலருக்குச் சற்று மேல் வரும். பழக்க தோஷம், நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று பெண்களின் முகம். யார் என்று வரவேற்பறையில் கேட்டேன். அங்கிருந்த பெண் வேலையை அப்படியே விட்டுவிட்டுச் சொன்னாள். மிராபால் சகோதரிகள். பாத்ரியா, மினெர்வா, மரியா தெரெசா. ட்ருஹியோ என்ற சர்வாதிகாரியை எதிர்த்தவர்கள். சிறையில் இருந்த கணவன்மாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், 1960 நவம்பர் 25 அன்று, மூன்று பேரையும் ஓட்டுநரையும் அடித்துக் கொன்று, விபத்து மாதிரி காட்ட வண்டியோடு மலைச்சரிவில் தள்ளிவிட்டார்கள். ஆறு மாதத்தில் ட்ருஹியோவும் கொல்லப்பட்டார். பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள் என்று நவம்பர் 25ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது இவர்கள் நினைவாகத்தான். பள்ளியில் எத்தனையோ வருடம் அந்த நாளில் நாம் உறுதிமொழி வாசித்திருப்போம். யாருக்காக என்று எனக்கு அந்த மேஜை முன்னால்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மணலில் உட்கார்ந்து அக்காவுக்கும் மதினிக்கும் இதைச் சொன்னேன். நாலாவதாக ஒரு சகோதரி உண்டு, பெயர் தேதே, அவர் 2014வரை உயிரோடு இருந்தார், தங்கை அக்காமார்களின் பிள்ளைகளையெல்லாம் அவர்தான் வளர்த்தார் என்றும் சொன்னேன்.

அக்கா நோட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "மூணு பேருதான் இருக்காக. வளத்தவ எங்க?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அக்காவே தொடங்கினாள். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெரிய பேரன் கல்லூரிக்குப் போய்விட்டான். சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். யாரும் ஒரு குறை வைக்கவில்லை, மருமகள் தங்கமானவள். "ஆனா காலையில எட்டு மணிக்கு எல்லாரும் போனா, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அந்த வீட்டுல ஃபிரிட்ஜ் சத்தம் மட்டுந்தான் எனக்குத் துணை. ஊருக்குப் போறேன்னு சொன்னா, அங்க யாரும்மா இருக்கான்னு கேக்கான். என் வீடு இருக்குல்லா?" என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு மூன்று வருடமாக ஆள் இல்லை. ஃபோனில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் யாராவது இருப்பார்களாம்.

மதினி எழுந்து, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலுக்குள் போனாள். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு, முட்டளவு என்று போனவள் கழுத்தளவுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து இரண்டு பேரும் ராத்திரி பூராவும் தும்மினார்கள். நீங்கள் பார்த்த படம் அந்த நேரத்தில் மகள் எடுத்தது.

நியூ ஜெர்சி திரும்பிய மறுநாள் அக்கா மகனிடம் நேராகவே சொல்லிவிட்டாள். அவன் ஒரு வாரம் என்னிடமும் பேசவில்லை. "சித்தி, நீங்கதான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க" என்று கோபம். இருக்கட்டும். இப்போது தை மாதத்துக்கு ஒருவழி டிக்கெட் போட்டிருக்கிறான். ஆறு மாதம் இருந்து பார்க்கட்டும், முடியாவிட்டால் வந்துவிட வேண்டும் என்பது அவன் நிபந்தனை. அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டிக்கெட்டை பிரிண்ட் எடுக்கச் சொல்லி, அந்த 200 பேசோ நோட்டோடு கைப்பைக்குள் வைத்திருக்கிறாள்.

ஒரு வேலை இருக்கிறது, பிள்ளைகளே. அக்காவின் வீடு 14 வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பின்கட்டு ஓடு நாலைந்து இடத்தில் விழுந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கிணற்று மோட்டார் ஓடுமா என்று தெரியாது. ஊர்ப்பக்கம் இருப்பவர்களில் ஓடு மாற்ற ஆள் தெரிந்தவர்களும், மோட்டார் வேலை தெரிந்தவர்களும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். கூலி கொடுத்துத்தான் செய்வேன், "டீச்சர்கிட்ட காசு வாங்கமாட்டேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை. மார்கழி முடிவதற்குள் வேலை முடியவேண்டும்.