ஆண்ட்ரோமெடாவில் தோன்றிய மீன்

நேற்றுவரை ஒன்றும் தெரியாதிருந்த வானத்தின் ஒரு மூலையில் இன்றிரவு திடீரென ஒரு விண்மீன் ஒளிர்வதுண்டு. அத்தகைய மீனை ஐரோப்பிய வானியலார் 'நோவா' என்றனர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் 'புதியது' என்பது பொருள். உண்மையில் அது புதியதன்று. மங்கிக் கிடந்த முதிய மீனே ஆகும். பெயரிலுள்ள இப்பிழையை நான் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், அதே பெயரால் வேறொரு பெருநிகழ்ச்சியையும் அழைத்தமையால், பேரண்டத்தின் அளவையே அறிஞர் சிலர் தவறாக மதிக்க நேர்ந்தது. அதுவே எனக்கு வியப்பளிப்பது.

கார்த்திகைத் திங்களில், நிலவில்லா முன்னிரவில், வடக்கு நோக்கி நின்று வானத்தை உற்றுப் பாருங்கள். ஆண்ட்ரோமெடா என்னும் விண்மீன் கூட்டத்தில் பஞ்சுத் துகள் போன்ற ஒளித்திட்டு ஒன்று தெரியும். ஊர் விளக்குகளைவிட்டு விலகி, வயல்வெளியில் நின்றபோதுதான் எனக்கு அது புலப்பட்டது. நேரே நோக்கினால் மறையும். சற்றுப் பக்கமாக நோக்கினால் தோன்றும்.

1885 ஆகஸ்டுத் திங்களில், இன்றைய எஸ்தோனியாவிலுள்ள தோர்பாத் வானாய்வு நிலையத்தில் ஹார்ட்விக் என்பவர் அத்திட்டின் நடுவே ஒரு புதிய மீனைக் கண்டார். திட்டு முழுவதும் வீசிய ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அவ்வொரு மீனே வீசியது! ஆறு திங்களுக்குள் அது பெரிய தொலைநோக்கியாலன்றிக் காண இயலாதவாறு மங்கிவிட்டது.

அத்திட்டு நம் பால்வீதிக்குள் மிதக்கும் முகிலா, அன்றி நெடுந்தொலைவிலுள்ள மற்றொரு பால்வீதியா என்பது அக்காலத்தில் தீராத வழக்கு. 1920 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் ஷாப்லி, கர்ட்டிஸ் என்னும் இருவர் அவையோர் முன் இதுபற்றி உரையாற்றினர். "திட்டு அத்துணைத் தொலைவிலிருப்பின், 1885இல் தோன்றிய மீன் கோடிக்கணக்கான சூரியன்களின் ஒளியைப் பெற்றிருத்தல் வேண்டும், ஒரு நோவாவுக்கு அஃது இயலுமோ?" என்பது ஷாப்லி கட்சியின் கேள்வி. கர்ட்டிஸ் வேறு சான்று காட்டினார். அதே திட்டில் மிக மங்கிய நோவாக்கள் பல ஒளிப்படங்களில் காணப்பட்டிருந்தன. அவையே இயல்பானவை என்றும், நோவாக்களில் இருவகை இருத்தல் கூடும் என்றும் அவர் கருதினார். அக்கருத்தின் நுட்பத்தை நான் எண்ணி எண்ணி மகிழ்வதுண்டு.

1923 அக்டோபரில் வில்சன் மலையில் ஹப்பிள் எடுத்த படமொன்று வழக்கைத் தீர்த்தது. அதில் ஒரு புள்ளியை நோவா என்றே அவர் முதலில் குறித்தார். பின்னர் அதனை அடித்துவிட்டு, ஒளி கூடிக் குறையும் மாறொளி மீன் என்று எழுதினார். அவ்வகை மீன் ஒளி மாறும் கால அளவைக்கொண்டு அதன் தொலைவை அறியலாம். அவர் கண்ட தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு. இன்றைய கணக்கு 25 லட்சம். இயலாதென்று ஷாப்லி கருதிய பேரொளி உண்மையென்றாயிற்று. அத்தகைய மீன்களுக்குப் பாடேயும் சுவிக்கியும் 1934இல் 'சூப்பர்நோவா' என்று பெயரிட்டனர்.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒளியின் அளவு மட்டுமன்று. சூரியனைப் போன்ற மீன் எரிபொருள் தீர்ந்து மடிந்தபின் எஞ்சும் உள்ளகம் வெண்குறுமீன் எனப்படும். உருவம் பூமியளவு, எடையோ ஏறக்குறைய சூரியனளவு. அருகில் துணைமீன் ஒன்று இருப்பின், அதன் ஹைட்ரஜன் வழிந்து வெண்குறுமீனின் மேற்பரப்பில் படியும். படிவு தடித்து வெப்பம் மிகுந்ததும் அணுப்பிணைவு பற்றிக்கொள்ள, மேலாடை மட்டும் சிதறிப் பறக்கும். இதுவே நோவா. பானையில் பால் பொங்கி வழிந்தாலும் பானை அடுப்பின்மேலேயே இருப்பதன்றோ? பால் வார்த்தால் மீண்டும் பொங்கும். வடமகுடக் கூட்டத்திலுள்ள ஒரு மீன் 1866இலும் 1946இலும் இவ்வாறு பொங்கியது.

பானையே வெடித்தால் சூப்பர்நோவா. வெண்குறுமீன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930இல் தம் பத்தொன்பதாம் வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே அதனைக் கணித்தறியத் தொடங்கினார். சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு அது. அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறுமீனின் உள்ளேயே கரி பற்றியெரிய, மீன் முழுவதும் தகர்ந்துபோகும். மிகப் பருத்த மீன்கள் வேறு வகையில் மாய்வன: உள்ளகம் தன் எடையைத் தாங்காமல் சரிய, புறப்பகுதி வெடித்துச் சிதறும். 1054இல் சீனர் பகலிலும் 23 நாள் கண்ட மீன் இத்தகையது.

ஆண்ட்ரோமெடாவில் தோன்றியது வெண்குறுமீன் வெடிப்பு. 1885இல் நம்மை அடைந்த அவ்வொளி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் புறப்பட்டது. 1980களின் இறுதியில் வானியலார் அவ்விடத்தைப் படமெடுத்தபோது சிறியதொரு கரும்புள்ளியைக் கண்டனர். சிதறிய மீனின் இரும்பு அணுக்கள், பின்னாலுள்ள எண்ணற்ற மீன்களின் ஒளியைத் தடுத்தமையால் உண்டான நிழல் அது.