கம்பியை உருவிப் பாத்தியா?

எங்கிட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்குன்னு சொன்னா, புனேயில இருக்கற நம்மூர்க்காரங்க முதல்ல கண்ணை அகல விரிப்பாங்க. பார்க்கிங்குக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினதும் "ஓ... இதுவா?"ன்னு சிரிச்சுடுவாங்க. சான் ஸ்டார்ம். 90களின் கடைசியில கோவாவில் தயாரிச்ச ரெண்டு சீட்டு வண்டி. ஃபைபர் பாடி, துணிக் கூரை, ரெனால்டின் 1149 சிசி பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைசக்தி. இன்னிக்கு சாதாரண ஃபேமிலி காரே இதைத் தாண்டிப் போயிடும். ஆனா மழைக்காலம் முடிஞ்ச கையோட, கூரையைத் திறந்து விட்டுட்டு மலைப்பாதையில போற சுகம் இருக்கே... சரி, அதை விடுங்க. இந்தப் பதிவு ஆயிலைப் பத்தி.

எங்கப்பா நாமக்கல்காரர். முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். புள்ளை கம்ப்யூட்டர்ல உக்காந்து சம்பாதிக்கறான்னு அவருக்குப் பெருமைதான். ஆனா போன்ல பேசினா "சாப்டியா, அங்க மழையா?"க்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு நீளாது. பழைய கார் வாங்கியிருக்கேன்னு சொன்னப்பகூட, "பாத்து ஓட்டு கண்ணு"ன்னு போனை அம்மாகிட்ட குடுத்துட்டார்.

வண்டி வாங்கின உடனே என்ன ஆயில் ஊத்தறதுன்னு ஆராய்ச்சியில இறங்கினேன். மூணு வாரம். எக்செல்ல அட்டவணை எல்லாம் போட்டேன். (சிரிக்காதீங்க, தொழில் புத்தி!) அதுல தேறினது இதுதான்:

டப்பாவுல 10டபிள்யூ-40ன்னு போட்டிருக்கே, அதுல முதல் எண் குளிர்ல ஆயில் எப்படி ஓடும்ங்கறது. டபிள்யூன்னா விண்டர். எண் குறைய குறைய, காலைல ஸ்டார்ட் பண்ணதும் சீக்கிரம் மேல ஏறும். ரெண்டாவது எண், 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்ங்கறது. புனேயில ஜனவரி காலைல 10 டிகிரி வரைக்கும் இறங்கும், ஏப்ரல் மத்தியானம் 40ஐத் தொடும். 5டபிள்யூ-30 ஊத்தினா, தேஞ்ச பழைய இன்ஜின்ல கசிவும் எரியறதும் கூடலாம். 20டபிள்யூ-50 ஊத்தினா, குளிர்ல மெதுவாத்தான் மேல ஏறும், ஆனா இன்ஜின் கெடாது. வண்டியோட வந்த கையேடு எதைச் சொல்லுதோ அதுதான் முதல் பதில். நான் 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக்ல நின்னேன்.

அடுத்தது ஏ.பி.ஐ. எழுத்து. எஸ்னு ஆரம்பிச்சா பெட்ரோலுக்கு, சின்னு ஆரம்பிச்சா டீசலுக்கு. எஸ்.எல். 2001ல வந்தது, எஸ்.என். 2010ல, எஸ்.பி. 2020ல. பெட்ரோல் வண்டிக்குப் பொதுவா புது எழுத்து பழசுக்கும் ஆகும். அம்பாசடர் மாதிரி ரொம்பப் பழைய டிசைன் இன்ஜின் வச்சிருக்கறவங்க மட்டும் துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு இருக்கற ஆயிலாப் பாத்துக்கணும். கேம், டேப்பட் தேயாம இருக்க அது உதவும்.

"சிந்தெடிக் ஊத்தினா பழைய வண்டி ஒழுகும்"னு பலரும் சொல்லுவாங்க. ஆயில் சீலை அது தின்னுடறதில்ல. ஏற்கெனவே காஞ்சு போன சீலை, அங்கங்கே அழுக்கு அடைச்சு வச்சிருக்கும். நல்ல ஆயில் அந்த அழுக்கைக் கழுவினதும் உண்மை வெளியே தெரியும், அவ்வளவுதான்.

எல்லாம் படிச்சு, நல்ல கடையில சீல் பாத்து நாலு லிட்டர் கேன் வாங்கி, ஃபில்டரோட மாத்தினேன். காலி கேனைக் கிழிச்சுதான் போட்டேன், போலி ஆயில்காரங்க அதுலயே ரொப்பி வித்துடக் கூடாதுன்னு. அவ்வளவு ஜாக்கிரதை! அப்புறம் அஞ்சு மாசம் பானட்டையே திறக்கல.

ஒரு சனிக்கிழமை நானும் தங்கமணியும் வாய் பக்கம் கிளம்பினோம். கம்பட்கி காட் ஏறும்போது ஒரு வளைவுல தங்கமணி கேட்டாங்க, "என்னங்க, ஏதோ செவப்பு லைட்டு மினுக்குதே?" நான் பாக்கறதுக்குள்ள அணைஞ்சுடுச்சு. "சென்சார் ஏதாவது இருக்கும்"னேன். அடுத்த வளைவுல மறுபடி. அதுக்கடுத்த வளைவுல நானே பாத்தேன். ஆயில் பிரஷர் விளக்கு. வயித்துல புளியைக் கரைச்சுது. ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைச்சேன். யாருக்குப் போன் பண்றதுன்னு தெரியாம அப்பாவுக்கே பண்ணேன்.

முழுசா கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கம்பியை உருவிப் பாத்தியா?"

"இல்லீங்கப்பா."

"எத்தனை நாளா?"

பதில் சொல்லல. அவரும் திட்டல. "சரி, சமதரையில நிக்குதா? உடனே உருவாத. ரெண்டு பேரும் ஒரு டீ குடிங்க. ஆயில் எல்லாம் கீழ எறங்கட்டும். அப்பறம் கம்பியைத் துணியில நல்லாத் தொடச்சு, முழுசா உள்ள வுட்டு, மறுக்கா உருவிப் பாரு."

டீ குடிச்சிட்டு உருவினேன். நுனியிலகூட ஆயில் ஒட்டல.

அப்பதான் புரிஞ்சது. ஆயில் குறைஞ்சு கிடந்தா, வளைவுல அது ஒரு பக்கமா ஒதுங்கிடும். உறிஞ்சற குழாய்க்குக் காத்துதான் கிடைக்கும். விளக்கு மினுக்கினது சென்சார் கோளாறு இல்ல, பேரிங் ஆயில் இல்லாம ஓடின அந்த ஒரு நொடி.

தங்கமணியை டீக்கடையில உக்கார வச்சுட்டு, ஒரு டெம்போல தொத்திக்கிட்டு பெட்ரோல் பங்குக்குப் போனா, அங்க இருந்தது வேற கம்பெனி, 20டபிள்யூ-50. என் எக்செல் மூளை நடுங்கிடுச்சு. ரெண்டையும் கலக்கலாமான்னு அப்பாவுக்கே மறுபடி அடிச்சேன். அந்தப் பக்கம் சிரிப்பு.

"தாகத்துல கெடக்கறவன் தண்ணி எந்தக் கம்பெனின்னா கேப்பான்? ஊத்து கண்ணு. ஒரேயடியாக் கவுத்தறாத. கொஞ்சம் ஊத்து, பாரு, மறுபடி ஊத்து. மேல் கோட்டைத் தாண்டுனா அதுவும் ஆவாது, நொரைச்சுக்கும்."

பெரும்பாலான கார்கள்ல கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 1 லிட்டர்தான். எனக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல உள்ள போச்சு. ஸ்டார்ட் பண்ணேன். விளக்கு அணைஞ்சுது, சத்தம் எதுவும் இல்ல. தப்பிச்சோம். வாய் போகாம, மெதுவா வீட்டுக்குத் திரும்பினோம்.

மெக்கானிக் பாத்தார். டேப்பட் கவர் பேக்கிங் வயசாகி விறைச்சு, பின்பக்கமா ஒழுகியிருக்கு. பேக்கிங் விலை நாங்க அன்னிக்குக் குடிச்ச டீயைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இன்ஜின் பிடிச்சிருந்தா, உதிரி பாகத்துக்கு எந்த ஊர்ல போய் அலையறது? வண்டியே போயிருக்கும்.

இப்ப ஞாயித்துக்கிழமை காலைல, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கம்பியை உருவிடறேன். அளவு மட்டும் பாத்தா போதாதுன்னு அப்பா சொல்லிக் குடுத்தார். விரல்ல தேச்சுப் பாக்கணும், மோந்து பாக்கணும். கறுப்பா இருந்தா பயப்பட வேண்டாம், அழுக்கை இழுக்கறது அதோட வேலை. பெட்ரோல் வாடை அடிச்சாலோ, மினுமினுன்னு உலோகப் பொடி தெரிஞ்சாலோ, பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தாலோ மெக்கானிக்கைப் பாக்கணும். கம்பியிலயே வெளுத்திருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள வருதுன்னு சந்தேகம், ஓட்டவே கூடாது. கிலோமீட்டர் ஓடலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும். சும்மா நிக்கற வண்டியிலயும் ஈரம் சேரும்.

என்ன ஆயில்ங்கறதுக்கு மூணு வாரம் செலவு பண்ணேன். இருக்கா இல்லையான்னு பாக்க மூணு நிமிஷம் செலவு பண்ணல. பழைய வண்டி வச்சிருக்கற நண்பர்களே, இந்தப் பதிவுல வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

இன்னொண்ணு. இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை அப்பாவே போன் பண்ணிடறார். "கம்பி பாத்தியா? எங்க நிக்குது?"ன்னுதான் ஆரம்பிப்பார். அதுல இருந்து கொல்லிமலை ஏத்தம், பூனா ரோட்ல ஒரு ராத்திரி பெல்ட் அறுந்தது, நான் பொறந்த அன்னிக்கு அவர் நாக்பூர்ல லோடு இறக்கிட்டு இருந்ததுன்னு அரை மணி நேரம் போகும். இதெல்லாம் எனக்கு முன்னாடி தெரியாது.

போன வாரம், "நடுவுக்கும் மேல நிக்குதுங்கப்பா"ன்னேன்.

"அப்பச் சரி. பாத்து ஓட்டு கண்ணு"ன்னார். போனை அம்மாகிட்ட குடுக்கல.