முருங்கை மரத்துச் சீட்டுக்கட்டு

டாரட் கட்டில் 78 அட்டைகள். அவற்றுள் 22 பெருஞ்சீட்டுகள், எஞ்சிய 56 சிறுசீட்டுகள். விக்கிரமாதித்தன் கதையை இந்தச் சட்டகத்துக்குள் அடக்க இயலுமா என்று கணக்கிட்டுப் பார்த்த நாளில், எண்கள் தாமாகவே வந்து பொருந்தின. சிம்மாசனத்துப் பதுமைகள் 32. வேதாளம் சொன்ன கதைகள் பெயரளவில் 25. ஆனால் சோமதேவரின் கதாசரித்சாகரத்தின்படி புதிரோடு முடிபவை 24 மட்டுமே. கடைசிப் புதிருக்கு விடை தெரியாமல் அரசன் வாய்மூடி நடக்கிறான். அந்த மௌனத்தை மெச்சி, சாமியாரின் சூழ்ச்சியை வேதாளம் வெளிப்படுத்துவதே இருபத்தைந்தாவது. 32 உடன் 24 சேர்ந்தால் 56. தற்செயல்தான். ஆயினும் இத்தகைய தற்செயலைக் கண்டபின் பென்சிலைக் கீழே வைப்பது கடினம்.

இக்கதைத் தொடர்மீது எனக்குள்ள பற்று ஆராய்ச்சியால் வந்ததன்று. மூணாறு எஸ்டேட் லயத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதைப்புத்தகம் ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’. அம்மாச்சிக்குப் படிக்கத் தெரியாது. நான் உரக்கப் படிப்பேன். அவர் அடுத்த வரியை எனக்கு முன்பே சொல்லிவிடுவார். ‘நாடாறு மாதம், காடாறு மாதம்’ என்னும் ஏற்பாடு பட்டியின் அறிவுக்கூர்மையால் அமைந்தது என்பதை வேறொருவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிற்காலத்தில் பழைய அம்புலிமாமா இதழ்களில் ஓவியர் சங்கர் (1924–2020) வரைந்த, தோளில் பிணத்தையும் கையில் வாளையும் ஏந்தி நடக்கும் அரசனைக் கண்டபோது, அம்மாச்சி சொன்ன ஆள் இவர்தான் என்று உடனே தெரிந்தது. அந்த ஓவியத்தின் நிழல் எங்கள் கட்டில் விழாதிருக்கவே ஓவியம் பயின்ற என் தோழி மிகுந்த பாடுபட்டாள். தமிழில் யார் விக்கிரமாதித்தனை வரைந்தாலும் கோல் சங்கரின் பக்கமே சாய்கிறது.

டாரட் என்றவுடன் முகம் சுளிப்போர்க்கு ஒரு செய்தி. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்தபோது இது வெறும் சீட்டாட்டம். மிலான் பிரபுக்களுக்காகப் பொன் பூசி வரைந்த அட்டைகள் இன்றும் உள்ளன. கூர் த ஜெபலென் என்னும் பிரெஞ்சுக்காரர் 1781 இல் இவை எகிப்திய ஞானத்தின் எச்சம் என்று எழுதிய பிறகே குறி சொல்லும் பெருமை இதற்கு வலுவாக ஒட்டிக்கொண்டது. எகிப்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இன்று உலகெங்கும் புழங்கும் கட்டை 1909 இல் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். 78 ஓவியங்களையும் ஒருவரே வரைந்தார். பெற்ற ஊதியமோ மிகச் சிறிது. கட்டுக்கு நிலைத்த பெயர் பதிப்பாளரான ரைடருடையதும் குறிப்பெழுதிய வெயிட்டுடையதும். ஸ்மித்தின் பெயரை அதனுடன் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மைக்காலத்தில்தான் பரவியது.

அதே 1909 இல்தான் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’யின் முதல் தொகுதி மலையாளத்தில் வெளிவந்தது. ‘பறயி பெற்ற பந்திருகுலம்’ அதில் உள்ள கதை. தமிழ்க்கதை முடியும் இடத்திலிருந்து எங்கள் கட்டின் மறுபாதி இங்கேதான் தொடங்குகிறது. விக்கிரமாதித்தன், பட்டி, பர்த்ருஹரி, வரருசி ஆகியோரைச் சகோதரர்களாகச் சொல்லும் மரபு தென்னாட்டில் உண்டு. அவர்களுள் வரருசி மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே இறங்கிவிட்டதுபோல், கேரளக் கதை அவரைத் தன்னுடையவராக்கிக்கொண்டது. ஆனைமலையில் பிறந்து, ஆழியாற்று நீரையும் சேர்த்துக்கொண்டு, சித்தூரைக் கடந்து பாரதப்புழையில் கலக்கும் ஆறும் அவ்வழியேதான் போகிறது. சித்தூரில் ஆராய்ச்சிக்காகத் தங்கிய பிறகே இரண்டு கதைகளும் ஒன்றின் இரு கரைகள் என்று எனக்குப் புலப்பட்டது.

22 பெருஞ்சீட்டுகளும் அதனால் நிறைந்தன. பந்திருகுலத்து மக்கள் பன்னிருவர், பெற்றோர் இருவர், விக்கிரமாதித்தன், பட்டி, வேதாளம், சாமியார், உஜ்ஜயினி மாகாளி, போஜராஜன், சாலிவாகனன், சிம்மாசனம். தலைகீழாய்த் தொங்கும் மனிதன் டாரட்டில் பன்னிரண்டாம் அட்டை. அவ்விடத்தை வேதாளத்துக்கு அளிப்பதில் விவாதமே எழவில்லை. எண் 0, பித்தன்: நாராணத்துப் பிராந்தன். கல்லை மலையுச்சிக்கு உருட்டிச் சென்று, கீழே தள்ளிவிட்டுக் கைகொட்டிச் சிரித்தவர். துலாம் மாதம், நம் ஐப்பசி, முதல் நாளில் இன்றும் மக்கள் பட்டாம்பிக்கு அருகிலுள்ள இராயிரநல்லூர் மலையில் ஏறுகிறார்கள். இடிந்து விழும் கோபுரம் மகன்மீது உளியை நழுவவிட்ட பெருந்தச்சனுக்கு. வானவன் எக்காளம் ஊதும் இருபதாம் அட்டையை வாயில்லாக்குன்னிலப்பனுக்கு வைத்தேன். வாயே இல்லாதவன் தீர்ப்புநாளை அறிவிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சிறுசீட்டுகளில் நான்கு இனங்களை விட்டுவிட்டு இரண்டே இனங்கள் வைத்தோம்: பதுமைகளுக்கு நாடு, வேதாளக் கதைகளுக்குக் காடு. நான்கு இனம் இல்லாவிட்டால் அது டாரட்டே அன்று என்று வாதிடுவோர் உளர். அவர்கள் சொல்வது சரி, எனக்குக் கவலையில்லை.

கவலை வேறொரு அட்டையில் இருந்தது. கதை அறியாதவர்க்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இராமாயணத்தின் தலைசிறந்த சுலோகம் எது என்று விக்கிரமாதித்தன் கேட்க, வரருசி விடை தேடி அலைந்து ஒரு மரத்தடியில் படுத்திருக்கிறார். மேலே வனதேவதைகள் பேசிக்கொள்கிறார்கள். சுலோகமும் தெரிகிறது, அன்றிரவு ஒரு பறையர் குடிசையில் பிறந்த பெண்ணைத் தாம் மணக்கப்போவதும் தெரிகிறது. அரண்மனைக்குத் திரும்பியவர், அக்குழந்தையால் நாடு அழியும் என்கிறார். பெண்சிசுவைக் கொல்ல அஞ்சிய அரசன், அதன் தலையில் தீப்பந்தத்தைக் குத்தி, வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஆற்றில் விடச் செய்கிறான். குழந்தை பிழைத்து ஓர் அந்தணர் வீட்டில் வளர்கிறது. பல ஆண்டுகள் கழித்து விருந்தாளியாக வந்த வரருசி, நூறு கறி வேண்டும், உண்டபின் மூவரைத் தின்ன வேண்டும், பிறகு நால்வர் தம்மைச் சுமக்க வேண்டும் என்று நிபந்தனை இடுகிறார். இஞ்சிக்கறி ஒன்றே நூற்றுக்கு நிகர். மூவர் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. நால்வர் கட்டிலின் கால்கள் என்று உள்ளிருந்து விடையளிக்கிறாள் அந்தப் பெண். மணக்கிறார். தலையிலுள்ள தழும்பைப் பின்னரே காண்கிறார்.

இந்தத் தொடர் முழுவதிலும் புதிருக்கு விடை சொல்பவர்கள் இருவர்தாம்: வேதாளத்தைச் சுமந்த அரசனும் இவளும். ஆனால் அவனுக்கு 56 கதைகள். இவளுக்குப் பெயர்கூட இல்லை. தலைப்பிலேயே ‘பறயி’. எங்கள் குடும்பத்துக்கு அது கதைச்சொல் அன்று, சாதிச் சான்றிதழில் ஏற வேண்டிய சொல். ஏறுவதும் எளிதன்று. 1950 க்கு முன்பே முன்னோர் இங்குக் குடியிருந்ததற்கு ஆவணம் கேட்பார்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாமல், கம்பெனி லயத்தில் பிறந்து அங்கேயே மாண்டவர்களுக்கு எந்தப் பட்டா இருக்கும்? ஓர் அலுவலகத்தின் திண்ணையில் மூன்று ஆண்டுகள் ஏறி இறங்கியவள் என்ற முறையில், ஒரு பெண்ணின் பிறப்பைக் கேட்டவுடன் நாட்டுக்குக் கேடு என்று கணித்த அறிஞரை என்னால் வெறும் கதைமாந்தராகக் காண முடியவில்லை.

தோழி முதலில் வரைந்த படம் மிக அழகாக இருந்தது. நீலநீரில் தெப்பம், தலையைச் சுற்றிப் பொன்னொளி, பந்தத்தின் சுடர் மகுடம்போல. விடுமுறைக்குச் சென்றபோது அதை அம்மாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“தீய வச்சவன் எங்கடி?”

“அவரு வேற அட்டையில இருக்காரு, அம்மாச்சி.”

“அவன் கையில என்ன இருக்கு?”

“ஓலைச்சுவடி.”

“அப்ப பந்தத்த அவன் கையில குடு. இந்தப் புள்ள தலையில எதுக்கு?”

அவ்வளவுதான் சொன்னார், பிறகு கொழுந்துக் கூலியைப் பற்றிப் பேச்சு மாறிவிட்டது. நான் அப்படத்தைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

தோழி இரண்டு அட்டைகளையும் புதிதாக வரைந்தாள். வரருசி ஒரு கையில் சுவடியும் மறு கையில் எரியும் பந்தமுமாக நிற்கிறார். அவர் முகத்தில் கொடுமை இல்லை, அச்சம் மட்டுமே உண்டு. அவளுக்குப் பதினோராம் அட்டை, நீதி. தலைவாழையிலையில் இஞ்சிக்கறி, அருகே வெற்றிலைத்தட்டு, பின்னால் கட்டில். குனிந்து பரிமாறுகிறாள், வகிட்டில் தழும்பு தெரிகிறது. பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளுள் ஒன்றைக்கூட வளர்க்க விடாதவனின் இலைக்குத்தான் பரிமாறுகிறாள் என்பது பார்ப்பவர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். வாய் உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, வாயைக் கீறியவன் இரையும் தருவான் என்று விட்டுச்செல்லப் பணித்தவர் அவர். கடைசிப் பிள்ளைக்கு வாயில்லை என்று அவள் பொய் சொன்னாள், அது மெய்யாகிவிட்டது. விளக்கப் புத்தகத்தில் இந்த அட்டைக்கு நான் எழுதியுள்ள பொருள் ஒரே வரி: ‘விடை உங்களிடம் இருக்கிறது, கேட்பவருக்கு அதைப் பெறும் தகுதி உண்டா என்று பாருங்கள்.’

பெயர் மட்டும் தீரவில்லை. பஞ்சமி என்று சொல்வோர் உண்டு. திதியின் பெயர்தான், ஆனால் தமிழ்க் காதில் பஞ்சமர் என்றும் பஞ்சமி நிலம் என்றும் ஒலிக்கிறது. ஊருட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி அழைத்துச் சென்ற சிறுமியின் பெயரும் பஞ்சமியே. ஒரு பெயருக்குள் இத்தனை சுமை இருக்கையில், கதையில் இல்லாததை நான் சூட்டுவது முறையாகப் படவில்லை. ‘பறயி’ என்று அச்சிடவும் மனம் ஒப்பவில்லை.

சிவகாசி அச்சகத்துக்குக் கோப்புகள் போய்விட்டன. 70 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரம், பின்புறம் முருங்கை இலை. பதினோராம் அட்டையில் பெயர் விடுபட்டிருக்கிறதே என்று அச்சகத்தார் இருமுறை தொலைபேசியில் கேட்டார். விடுபடவில்லை, அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும் என்றேன். அந்த ஓர் அட்டைக்கு மட்டும் லேமினேஷன் வேண்டாம் என்றும் சொன்னேன். பளபளப்புத் தாளில் பேனா எழுதாது. ஓர் அட்டையைத் தனியாகப் பிரித்தால் கூலி கூடும் என்றார். கூடட்டும், அண்ணா, என்றேன்.