உம்மாவுக்குப் படித்த கடைசி அத்தியாயம்

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை, அடையாற்றிலுள்ள என் மகள் வீட்டில் பேத்தி கோபத்தோடு அமர்ந்திருந்தாள். 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஐந்து பாகங்களையும் விடுமுறையில் படித்து முடித்த பெண் அவள். "மணிமேகலையே இல்லை நன்னி! சேந்தன் அமுதனுக்கு முடிசூட்டவும் இல்லை. இதற்காகவா ஏழு மாதம் காத்திருந்தேன்?" என்று பொருமினாள்.

அவளுடைய தாயும் இப்படித்தான். ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது நூல் 2007 ஜூலையில் வெளிவந்தபோது, இரவு முழுவதும் விழித்துப் படித்துவிட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிந்திய கதையைச் சொல்லும் அந்தக் கடைசிப் பகுதி தேவையே இல்லை என்று விடியற்காலையில் என்னோடு வாதிட்டாள். நான் எழுதிய நூலா அது? ஆயினும் ஏச்சு எனக்குத்தான் கிடைத்தது!

பேத்தியின் கோபம் என்னை 1972ஆம் ஆண்டுக்கு அழைத்துச் சென்றது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு சந்தில், இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் குடியிருந்தோம். வாப்பா தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிவந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் என் தம்பி, மூன்று வயதுக் குழந்தை, காய்ச்சலில் வஃபாத்தாகிவிட்டான். அதற்குப்பின் உம்மா பேசுவதையே குறைத்துக்கொண்டார். சமைப்பார், தொழுவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

பக்கத்துத் தெரு மாமி ஒருவர்தாம் வழி கண்டார். 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை, மூன்றரை ஆண்டுகளாக வாரந்தோறும் வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரைக் கத்தரித்து, மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். "உங்கள் பெண் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்" என்று முதல் தொகுதியைக் கொடுத்தனுப்பினார். உம்மாவுக்கு அரபுத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். தமிழ் எழுத்து தெரியாது. அந்தத் தலைமுறையில் நம் வீட்டுப் பெண்கள் பலருடைய நிலை அதுவே என்பதை நீங்களும் அறிவீர்கள்.

இஷாத் தொழுகைக்குப் பின் நாள்தோறும் இரண்டு அத்தியாயங்கள். எனக்குப் பழக்கமில்லாத சொற்கள் ஏராளம். 'சம்புவரையர்' என்பதிலும் 'பழுவேட்டரையர்' என்பதிலும் நாக்கு இடறும். உம்மா பொறுமையாகக் காத்திருப்பார். முதல் வாரம் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் வாரத்தில், "அந்த வாணர்குலத்துப் பையன் தப்பித்தானா?" என்று பகலிலேயே கேட்டார். வாப்பா அன்று என் கையில் நாலணா வைத்தார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து, கடைசித் தொகுதியின் முடிவை எட்டினோம். படித்தவர்களுக்குத் தெரியும்: ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்று திட்டமாகச் சொல்லப்படுவதில்லை. குந்தவை–வந்தியத்தேவன் திருமணம் நடந்தேறவில்லை. மணிமேகலை நோயுற்று, வந்தியத்தேவனின் மடியில் உயிர்விடுவதோடு நாவல் முடிந்துவிடுகிறது. நானோ அந்த அத்தியாயத்தைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முன்கூட்டியே படித்துவிட்டேன். அடுக்களையில் உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். இன்னொரு மரணத்தை இவருக்கு எப்படிப் படித்துக் காட்டுவது?

அன்றிரவு பக்கத்தைப் பார்த்தபடியே நானாக ஒரு முடிவைச் சொன்னேன். மணிமேகலை கண் விழித்தாள், கஷாயம் பருகினாள், அண்ணன் கந்தமாறன் அவளைக் கடம்பூருக்கு அழைத்துச் சென்றான், கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் பிடிபட்டான், பழையாறையில் திருமணம் நடந்தது. உம்மா கேட்டு முடித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தொகுதியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மாமியிடமும், அந்தப் பெண் பிழைத்தது நல்லதாயிற்று என்றார். மாமி என்னை ஒரு கணம் பார்த்தார். "ஆமாம், நல்லதாயிற்று" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்க உள்ளே போய்விட்டார்.

கல்லூரி நாள்களில், லஸ் முனை நடைபாதைக் கடையில் ஐந்தாம் பாகம் நூல் வடிவில் கிடைத்தது. மாமியின் பைண்டில் இல்லாத முடிவுரை அதில் இருந்தது. அந்தக் காலத்து வாசகர்களும் முடிவில் நிறைவடையாமல் ஆசிரியரைக் கேட்டிருக்கிறார்கள்! கல்கி அதில் மாந்தர்களின் பிற்கால வாழ்வைத் தொகுத்துச் சொல்லி, முழுக் கற்பனைக் கதையை முடிப்பதற்கும் சரித்திரக் கதையை முடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் விளக்குகிறார். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற 'அமரதாரா' தொடரை மகள் ஆனந்தி முடித்து வைத்தார். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதிப் பொன்னியின் செல்வனின் கதையையே தொடர்ந்தார். ரவிதாசனைக் குற்றவாளியாக்கிய என் துணிச்சலுக்கும் சிறிது ஆதாரம் உண்டு: கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடுவோருள் அவன் பெயரும் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

அந்த நூலை எடுத்துக்கொண்டு போய், உம்மாவிடம் பொய்யை ஒப்புக்கொண்டு, உண்மையான கடைசி அத்தியாயத்தையும் முடிவுரையையும் படித்துக் காட்டினேன். மணிமேகலை இறந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"அன்றைக்கே தெரியும், புள்ளே. ஐந்து மாதமாக வரிக்கு வரி திக்கித் திக்கிப் படித்தவள், அன்று மட்டும் ஓரிடத்திலும் திக்கவில்லையே!"

"பின் ஏன் உம்மா ஒன்றும் சொல்லவில்லை?"

"நீ பயந்துகொண்டு இருந்தாய். எதற்குச் சொல்ல வேண்டும்?"

1991இல் உம்மா வஃபாத்தானார். இந்தச் செய்தியையெல்லாம் அடையாற்று வீட்டு மாடத்தில் உட்கார்ந்து பேத்தியிடம் சொல்லி முடித்தேன். அவள் கோபம் தணிந்திருக்கும் என்று எண்ணினேன். சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"சாகக் கிடந்தவள் வெறும் கஷாயத்தில் பிழைத்துவிட்டாளா? நம்பும்படியாக இல்லையே, நன்னி!"