நம் வீட்டு லட்சுமியை அச்சடித்தவர்



தாமரை மேல் நிற்கும் லட்சுமி, பக்கத்தில் மாலையோடு யானை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தப் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள். வரைந்தவர் ரவிவர்மா என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அச்சடித்தவர் யார் என்று வகுப்பில் கேட்டிருந்தால் பாதிப் பேர் முழித்திருப்பீர்கள்.

இந்தக் கதையில் நம் கும்பகோணத்துக்கும் பங்கு உண்டு. 1828-இல் அங்கே பிறந்து திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்று சமஸ்தானங்களுக்கும் திவானாக இருந்தவர் மாதவராவ். உங்கள் படத்தை விரும்புகிறவர்கள் ஏராளம், இரண்டு கையால் எத்தனை பேருக்கு வரைந்து தர முடியும், ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடியுங்கள் என்று 1884-இல் ரவிவர்மாவுக்கு எழுதியவர் அவர்தான். ரவிவர்மா பத்து வருஷம் கழித்து, 1894-இல் பம்பாயிலேயே சொந்த அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் ஜெர்மனி, தொழில் தெரிந்தவர்களும் ஜெர்மனி. அப்படி வந்தவர்தான் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர்.

கல்லச்சு லேசான வேலை இல்லை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். பிறகு கல்லை நனைத்து மை உருட்டினால், கோடு மையைப் பிடிக்கும், ஈரக் கல் பிடிக்காது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று ஆறாம் வகுப்பில் படித்தீர்களே, அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். அந்தக் கற்களில் வரைந்த தொழிலாளிகளின் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

பம்பாயில் பிளேக், கூடவே கடன். அச்சகம் லோணாவ்லா அருகே மளவ்லிக்குப் போனது. கடைசியில் ஷ்லைஷரே விலைக்கு வாங்கிக்கொண்டார். 1906-இல் ரவிவர்மா காலமான பிறகும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. 1972-இல் தீ விபத்தில் அச்சகம் அழிந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் உறவில் ஒரு வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். கூடத்தில் இருந்த சாமி படங்களை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மழை. ஒன்றில் லட்சுமியின் புடவைக்கு யாரோ ஒரு பாட்டி ஜிகினாவும் சரிகையும் வைத்துத் தைத்திருந்தார். சரிகை மட்டும் மிஞ்சியது.

உங்கள் வீட்டில் இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் படத்தின் அடியோரம் பாருங்கள். பொடி ஆங்கில எழுத்தில் ரவிவர்மா அச்சகம், கார்லா, லோணாவ்லா என்று இருக்கலாம். ஈரத்துணி போடாதீர்கள். சட்டத்தைக் கழற்றாமல் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். வைத்துக்கொள்ள இடம் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.