‘கொட்டிருச்சு’

பாலர் பள்ளியில் வேலை என்று சொன்னால் இரண்டு விதமான பதில்கள் வரும். ஒன்று, “எப்படித்தான் உங்களுக்கு இவ்வளவு பொறுமையோ!” இன்னொன்று, “நல்ல வேலைதான், நாள் முழுக்கப் பிள்ளைகளோடு விளையாட்டு!” இரண்டையும் 14 ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பொறுமை என்னிடம் அளவோடுதான் இருக்கிறது. என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். விளையாட்டு என்பது உண்மை. ஆனால் அந்த விளையாட்டுக்குள் நிறைய வேலை இருக்கிறது.

கோதுமை மாவு பிசைவது விரல்களுக்கான பயிற்சி. விரல்கள் வலுப்பெற்ற பிறகுதான் பென்சில் கைக்குள் நிற்கும். கொண்டைக்கடலையை இடுக்கியால் எடுத்து ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றும் பிள்ளை, எண்ணவும் கற்கிறது, தன் முறை வரும்வரை காத்திருக்கவும் கற்கிறது. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1837இல் சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கியபோது அவர்கள் கையில் கொடுத்தவை நூல் பந்துகளும் மரக்கட்டைகளும்தான். ‘பிள்ளைகளின் தோட்டம்’ என்று அவர் வைத்த பெயர்தான் இன்று உலகெங்கும் ‘கிண்டர்கார்டன்’ என்று வழங்குகிறது.

இதெல்லாம் பயிற்சி வகுப்பில் படித்தது. என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருப்பது வேறு.

நான் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் வகுப்பில் சில ஆண்டுகள் எட்டுப் பேர், சில ஆண்டுகள் நான்கே பேர். பக்கத்து அறையில் சீனமொழி வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது எங்கள் நால்வர் பாட்டு வெளியே கேட்காது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுகின்றனர். செய்தித்தாளில் அது ஓர் எண். எங்கள் வகுப்பில் அதற்கு முகம் உண்டு.

அப்படி ஒரு முகம், நான்கு வயதுப் பையன். ஆங்கிலத்தில் வாய் ஓயாது. தமிழ் வகுப்புக்குள் நுழைந்தால் ஒரு சொல் வராது. மூன்று மாதங்கள் அப்படியே போயின. அவனை அழைத்துப் போக வரும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஒருநாள் வாசலில் அவன் காலணியை மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: “நான் சொல்றது அவனுக்குப் புரியல. அவன் சொல்றது எனக்குப் புரியல டீச்சர். அவங்க அம்மா, அப்பா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் டிவியைத்தான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.”

ஒரே வீடு, ஒரே சோபா, நடுவில் ஒரு மொழி இல்லை.

புதிய மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் சில காலம் பேசாமல் இருப்பார்கள். அது வெற்று மௌனம் அல்ல. காது வேலை செய்துகொண்டிருக்கும். “சொல்லு, சொல்லு” என்று நெருக்கினால் வாய் இன்னும் இறுகிவிடும். அதனால் நாங்கள் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்வோம். “மூடியைத் திறக்கிறோம்... தண்ணி ஊத்துறோம்... போதும், போதும்.” கேள்வி கேட்டால், மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை.

ஒருநாள் தின்பண்ட வேளையில் அவன் கை பட்டுக் குவளை சாய்ந்தது. மேசையெல்லாம் தண்ணீர். என்னை நிமிர்ந்து பார்த்து, “கொட்டிருச்சு” என்றான்.

அந்தச் சொல் எந்தப் பட அட்டையிலும் கிடையாது. நான் அதைப் பாடமாக நடத்தியதும் இல்லை. தேவைப்பட்ட நேரத்தில் அவனே எடுத்துக்கொண்டான். 2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத்தமிழுக்கும் வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் என்றது. அதன் பொருள் எனக்கு அன்று அந்த ஈர மேசையில் புரிந்தது. பிள்ளை முதலில் கேட்பது ‘கொட்டிவிட்டது’ அல்ல.

இரண்டு வாரம் கழித்துப் பாட்டி சிரித்துக்கொண்டே வந்தார். “நேத்து ராத்திரி எங்கிட்ட வந்து, ‘பாட்டி, கொட்டிருச்சு’ன்னு நிக்கிறான். போய்ப் பார்த்தா, ஒரு குவளைப் பாலும் தரையில. எனக்குக் கோபமே வரல டீச்சர்.”

இந்த வேலையில் இன்னொன்றும் உண்டு. நாம் மறக்கப்படுவோம். மூன்று, நான்கு வயதில் நடந்தவை பெரும்பாலும் யார் நினைவிலும் தங்குவதில்லை. சில மாதங்களுக்கு முன் ஈரச்சந்தையில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். இப்போது தொடக்கநிலை நான்கு. “டீச்சருக்கு வணக்கம் சொல்லு” என்றார் அவள் அம்மா. அவள் என்னை யாரோ போலப் பார்த்து, அம்மாவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். போகும்போது மட்டும், “அம்மா, அந்தப் பை கிழிஞ்சிருச்சு பாருங்க” என்று தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். என் முகம் அவளிடம் இல்லை. அந்தத் தமிழ் இருந்தது. எனக்கு அது போதும்.

வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். சோறு ஊட்டும்போது, துணி மடிக்கும்போது, மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது பேசிக்கொண்டே இருங்கள். பதில் இன்று வராமல் போகலாம். அது என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாளில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் நான் தினமும் காலை ஆறரை மணிக்குப் பேருந்து ஏறுகிறேன்.