சிரட்டையும் அகப்பையும்

வீட்டைக் கட்டுவது ஒரு செயல். கட்டிய வீட்டினுள் எவற்றை வைப்பது என்று தேர்வது வேறொரு செயல். முன்னதை மேசனும் தச்சனும் முடித்துக் கொடுத்துவிடுவர். பின்னதை அங்கு வாழப் போகின்றவர்களே செய்தாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தேர்வு என்பதையே அறியாதிருந்த ஒரு குடும்பத்திற்கு அச்செயல் எத்துணைச் சுமையாகின்றது என்பதற்கு, மாவனல்லையை அடுத்த இறப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து ஆசிரியையான ஒரு பெண்ணின் அனுபவம் சான்றாகும்.

அவள் பிறந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயன் காம்பிராவில். தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்வெட்டுக்குச் சென்றவள். அவ்வறையிலிருந்த பொருள்களை ஒரு கையின் விரல்களாலேயே ஏறத்தாழ எண்ணிவிடலாம்: அலுமினியப் பானைகள், எனாமல் கோப்பைகள், ஒரு தகரப் பெட்டி, கம்பளி, சாமி படம். இவற்றுள் எதுவும் ‘தெரிந்தெடுக்கப்பட்டது’ அன்று. தீபாவளி முற்பணம் கையில் வந்த நாளில் கடையில் எது இருந்ததோ அது வீட்டுக்கு வந்தது. எனினும் அங்கு அழகுணர்ச்சியே இல்லையென்று கூறுதல் பொருந்தாது. தாய் சாம்பலிட்டுத் துலக்கிய கோப்பைகளைப் பெரியது முதல் சிறியது வரை வரிசை பிசகாமல் கவிழ்த்து வைப்பாள். வாங்கும் வசதி மறுக்கப்பட்ட இடத்தில் அடுக்கும் முறையிலேனும் அவ்வுணர்ச்சி தன்னை வெளிப்படுத்திக்கொண்டது.

மகள் படித்தாள், உத்தியோகம் பெற்றாள், ஏழு பேர்ச் காணியில் சிறிய வீடொன்று எழுந்தது. அதனை நிரப்பும் வேளையில் அவள் ஒரு முடிவு செய்துகொண்டாள். எங்கிருந்தோ வந்து குவியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தவிர்த்து, இந்நாட்டவர் வடிவமைத்து இந்நாட்டவர் கைகள் செய்த பொருள்களையே இயன்றவரை வாங்குவது என்பதே அம்முடிவு.

இவ்வெண்ணத்திற்கு நீண்டதொரு பின்னணி உண்டு. 1877 இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக இருந்த காலத்தில், பாறைகளைத் தேடிச் சென்ற வழிகளிலெல்லாம் குயவரையும் நெசவாளரையும் கன்னாரையும் கண்டார். இன்று மாவனல்லை அடங்கியுள்ள நான்கு கோறளையும் அவர் ஆராய்ந்த கண்டி இராச்சியக் கலைமரபைச் சேர்ந்ததே. இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் அவர் வெளியிட்ட பெருநூல், ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டது. அரசரும் விகாரைகளும் அளித்த ஆதரவு அந்நியர் ஆட்சியில் அற்றுப்போனமையும், ஆலைப் பொருள்களின் வரவுமே கைவினைஞரை நிலைகுலையச் செய்தன என்பது அவர் கண்ட முடிவு. அவ்வாட்சியின் கீழ் எழுந்த தோட்டங்களிலேதான் ஆசிரியையின் முன்னோரும் வந்து சேர்ந்தனர் என்பது நினைக்கத்தக்கது.

சுதந்திரத்தின் பின் அம்மரபுக்குப் புதிய புரவலர் தோன்றினர். கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினற் டி சில்வா, உள்ளூர்க் கைவினைஞரின் வேலைப்பாட்டைத் தம் நவீன வீடுகளில் இணைத்தார். 1964 இல் அரசின் சார்பில் ‘லக்சல’ நிறுவப்பட்டது. அதே ஆண்டில் பாபரா சன்சோனி தொடங்கிய ‘பெயார்ஃபுட்’, கிராமப் பெண்கள் கைத்தறியில் நெய்த துணிகளுக்குக் கண்ணைப் பறிக்கும் புதிய வண்ணச் சேர்க்கைகளை வழங்கியது. மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏனா டி சில்வா பத்திக் கலையை வளர்த்தார். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை விடுதியின் கூரையுட்புறத்தை அவரது பத்திக் துணிகள் அலங்கரித்தன. 1977 இன் திறந்த பொருளாதாரம் மலிவான இறக்குமதிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட பின்னரும், 1987 இல் ‘பறடைஸ் றோட்’ போன்ற புதிய பெயர்கள் எழுந்தன. ஆனால் இவற்றின் வாடிக்கையாளர் பெரும்பாலும் கொழும்பின் வசதி படைத்தோரும் வெளிநாட்டாருமே. லயன் காம்பிராவிலிருந்து வருபவள் அத்தகைய கடையின் படியேறுவது, தனக்குரியதல்லாத பங்களாவினுள் நுழைவது போன்றதே.

ஆகவே அவள் அண்மையிலிருந்தே தொடங்கினாள். கேகாலையிலிருந்து மாவனல்லைக்கு வரும் கண்டி வீதியில் மொலகொட எனும் குயவர் ஊர் உள்ளது. பிள்ளைப் பருவத்தில் பேருந்து யன்னல் வழியே அவள் கண்ட செம்மண் பாண்டங்கள் இன்றும் அங்கு சாலையோரத்தில் அடுக்கப்பட்டுள்ளன. சட்டி தெரிவதில் தாயே ஆசிரியை, மகள் மாணவி. தாய் ஒவ்வொரு சட்டியையும் இடக்கையில் ஏந்தி விரல் முட்டியால் தட்டினாள். கணீரென ஒலித்தால் நன்கு வெந்தது. மந்தமாக ஒலித்தால் வேகாதது அல்லது கண்ணுக்குத் தெரியாத வெடிப்புடையது. அடி சமமாக அமர்கின்றதா, விளிம்பின் தடிப்பு எங்கும் ஒத்துள்ளதா என்பனவும் பார்க்கப்பட்டன. வீட்டுக்கு வந்ததும் சட்டிகள் தண்ணீரில் ஊறவைக்கப்பட்டு, அரிசிக் கஞ்சி காய்ச்சிப் பழக்கப்பட்டன.

பின்னர் இருவரும் கொழும்புக்குச் சென்றனர். வடிவமைப்புப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் மகள் கைத்தறித் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருபுறமும் நிறம் ஒன்றாயிருத்தல், நெய்தவரின் கைத்தடம் போல ஓரத்தில் ஓடும் சிறு ஏற்றத்தாழ்வு ஆகியன அதன் மெய்ம்மைக்கு அடையாளங்கள். யன்னல்களுக்குரிய துணி தேர்ந்தாயிற்று. அப்போது ஒரு தட்டில் வைத்திருந்த கிண்ணங்கள் அவளை ஈர்த்தன. உள்ளும் புறமும் வழவழப்பாகத் தேய்த்து எண்ணெய் பூசி மெருகேற்றிய தேங்காய்ச் சிரட்டைகள் அவை. முன்னறை மேசையில் இரண்டை வைத்தால், தாயின் வாழ்நாள் உழைப்புக்கு அது ஒரு மரியாதையாக அமையுமே என அவள் எண்ணினாள்.

தாய் அதனைக் கையில் வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுசென்றாள்.

“இதுக்கா காசு குடுக்கப் போற? இதத்தானே புள்ள நான் மரத்துக்கு மரம் கட்டுனேன்? எங்கூட வேல செஞ்சவங்க வீடு பாக்க வந்தா, இத மேசையில கண்டுட்டு என்ன நெனைப்பாங்க?”

கிண்ணத்தின் விலை, தாய் வேலையிலிருந்து நின்ற காலத்து நாட்கூலியை மிஞ்சியிருந்தது. ஆனால் அவள் மறுத்தது விலையை எண்ணியன்று. இறப்பர் மரத்தின் பட்டையிற் கீறிய வெட்டிலிருந்து சொட்டும் பாலை ஏந்துவது கம்பியிற் பொருத்திய சிரட்டையே. விடியுமுன் மலையேறி, மரந்தோறும் முதல் நாளைய ஒட்டுப்பாலை உரித்துச் சிரட்டையைத் துடைத்த பின்னரே வெட்டவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் சிரட்டையில் நீர் நிறைந்து பால் வீணாகும். அத்துடன் அன்றைய வருமானமும் கரையும். புளித்த பாலின் நாற்றம் குளித்தாலும் கையை விட்டகலாது. மகளின் கண்ணுக்கு அச்சிரட்டை வடிவம். தாயின் கைக்கு அது நாற்றம். ஒரு பொருளின் அழகைக் காண்பதற்கு அதனிடமிருந்து ஓரளவு விலகி நிற்றல் வேண்டும். அவ்விலகலை மகளுக்கு ஈட்டிக் கொடுத்தவளே அத்தாய். அதனைக் கொண்டு தாயின் மீதே ஒரு நினைவுச் சின்னத்தைச் சுமத்துவது மரியாதையாகுமா என்ற கேள்வி, கிண்ணத்தைத் திரும்ப வைத்த கணத்தில் மகளின் உள்ளத்தில் எழுந்தது.

“அப்ப நீங்க என்ன வைக்கணுமின்னு சொல்றீங்க, அம்மா?” என்று அவள் கேட்டாள்.

தாயின் விடையில் தயக்கமில்லை. பொன்விளிம்பிட்ட பீங்கான் கோப்பைகள் ஆறு, ஆறும் ஒன்றுபோல். துரை பங்களாவின் பின்வாசலில் நின்று அவள் அவற்றைக் கண்டிருக்கின்றாள். தொழிலாளருக்குத் தேநீர் வேறு கோப்பையில் வரும், பெரும்பாலும் வருவதேயில்லை. தன் வீட்டுக்கு வருவோர் எவராயினும் ஒரே விதமான கோப்பையில் தேநீர் பெறவேண்டும் என்பது அவளது ஆசை. மகளின் புதிய இரசனைக்குப் பொன்விளிம்பு சற்றுப் பழமையாகவே தோன்றியது. ஆயினும் 1972 முதல் மாத்தளையிலும் 1984 முதல் தங்கொட்டுவையிலும் பீங்கான் தொழிற்சாலைகள் இயங்கி வந்துள்ளமையின், அவ்வாசையும் அவளது முதல் முடிவுக்கு முரணானதன்று. கோப்பைகள் வாங்கப்பட்டன.

குடிபுகுந்து சில நாட்களின் பின், தாய் தேங்காய் துருவி முடித்த ஒரு சிரட்டையை எடுத்து, வெளிப்புறத்தைக் கண்ணாடித் துண்டினால் சுரண்டி, பக்கங்களில் இரு துளையிட்டு, மூங்கிற் பிடியைச் செருகி அகப்பை ஆக்கினாள். மகள் வியப்புற்று, சிரட்டை வேண்டாமென்றவள் இதனை ஏன் செய்கின்றாள் என வினவினாள்.

“அது தோட்டத்துக்குப் பால் புடிச்சது. இது நமக்குச் சோறு போடுறது” என்றாள் தாய்.

வீட்டை அழகுசெய்யத் தேர்வோருக்கு உறுதி, பயன், விலை, செய்தவருக்குச் சேரும் ஊதியம் எனப் பல அளவுகோல்கள் உண்டு. அப்பொருள் அவ்வீட்டில் எவருடைய நினைவைத் தொடுகின்றது என்பதும் அவற்றுள் ஒன்றாதல் தகும். முன்னறை மேசையில் இப்போது ஒன்றுமில்லை. விருந்தினர் வரும்போது ஆறு கோப்பைகளும் அங்கு வருகின்றன. அகப்பை அடுப்படியில், மொலகொடச் சட்டிக்கு மேலே ஆணியில் தொங்குகின்றது.